காப்பு என்றொரு கணக்கு

யுவஸ்ரீக்குக் காதுக்குப் பின்னால் மிஷின் பொருத்தி ஒரு வருடம் கடந்திருந்தது. அன்றைய வகுப்பு முடிந்து குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பொற்கொடியைச் சௌமியா மிஸ் தனியாகக் கூப்பிட்டாள்.

“யுவஸ்ரீ அம்மா, நீங்க கம்பெனியில கம்ப்யூட்டர்தானே பாக்குறீங்க? எங்க பெட்டியக் கொஞ்சம் பாத்துச் சொல்ல முடியுமா? ரெண்டு நாளா உர்ருன்னு சத்தம் போடுது.”

ஓசூரில் பாகலூர் சாலையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடந்தது அந்த மையம். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்து மிஷின் வைத்த பிறகு, கேட்கவும் பேசவும் பழக்குகிற இடம். சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்கள், ரோஜாத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் என்று பல வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். அங்கே பெற்றவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. பொற்கொடி என்றால் யுவஸ்ரீ அம்மா. அவள் கணவன் ஹரீஷ்குமார், யுவஸ்ரீ அப்பா. அவ்வளவுதான்.

பெட்டி சௌமியாவின் மேசைக்கு அடியில், பொம்மைக் கூடைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. பொற்கொடி தரையில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினாள். விசிறியில் பஞ்சுமாதிரித் தூசி. துடைத்ததும் சத்தம் நின்றது. ஆனால் மூடியைத் திருப்பி மாட்டும்போது அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டு அவள் கண்ணில் பட்டது. பேனாவால் பாஸ்வேர்டு எழுதி, மேலே செல்லோடேப் போட்டிருந்தார்கள்.

“இது ரூட் பாஸ்வேர்டா மிஸ்?”

“ஆமா. மறந்துருவோம்னு ஒட்டி வெச்சது.”

பொற்கொடி தன் கம்பெனியில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள். ரூட் என்பது அந்தப் பெட்டிக்கே முதலாளி. அதற்கு மறுப்பே கிடையாது. எந்தப் பூட்டும் அதற்குத் திறக்கும், எதை அழிக்கச் சொன்னாலும் அழிந்துவிடும்.

அந்தப் பெட்டியில் இருந்தது என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். மிஷினை முதன்முதலாக ஆன் செய்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வகுப்பும் அதில் பதிவாகிறது. போன மாதம் குழந்தை எந்தச் சத்தத்துக்குத் திரும்பியது, இந்த மாதம் என்ன உளறுகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் ஆசிரியைகள் அடுத்த பாடத்தை முடிவு செய்வார்கள். சேர்க்கும்போதே ஒரு வாக்குக் கொடுப்பார்கள்: உங்கள் பிள்ளையின் பதிவை அவளுடைய டீச்சரும் நீங்களும் தவிர வேறு யாரும் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு ஃபோல்டரும் அந்தந்த டீச்சருக்கு மட்டும்தான் திறக்கும்.

“பேக்கப் எடுக்குறீங்களா?”

“எடுக்குதே. முன்னாடி ஒருத்தர் உதவிக்கு வந்தாரு, அவரு பண்ணிக் குடுத்தது. தினமும் தானா ஓடும்.” சௌமியா பெட்டிக்குப் பின்னால் தொங்கிய ஹார்டு டிஸ்க்கைக் காட்டினாள்.

பொற்கொடி பார்த்தாள். அந்த பேக்கப்பும் ரூட்டாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்து வைக்கிற இடமும் அதே பெட்டியோடு ஒட்டிக் கிடக்கிறது.

“மிஸ், நகல் எடுக்க வந்த ஆளு கையில வீட்டை இடிக்கிற அதிகாரமும் இருக்கு. ஒரு வரி தப்பாப் போனாப் போதும், இதுவும் போயிரும், பின்னாடி தொங்குறதும் போயிரும்.”

“அப்ப என்ன பண்றது?”

“வேற இடத்துல ஒரு சின்னப் பெட்டி வெப்போம். அது தினமும் இங்க வந்து நகல் எடுத்துட்டுப் போகட்டும். இங்கருந்து யாரும் அதுகிட்டப் போக முடியாது. அதுக்குன்னு இந்தப் பெட்டியில தனியா ஒரு கணக்குத் திறந்து குடுக்கிறேன். எல்லா ஃபோல்டரையும் அது படிக்கும். ஆனா ஒரு புள்ளிகூட எழுத முடியாது, அழிக்க முடியாது.”

சௌமியாவுக்கு நிம்மதியாக இருந்தது. “படிக்க மட்டும்தானா? அப்ப பயமே இல்ல.”

“இல்ல மிஸ்.” பொற்கொடி தயங்கினாள். “வேற இடமா இருந்தா அப்படிச் சொல்லலாம். இங்க படிக்கிறதுதான் பெரிய அதிகாரம். பக்கத்து டீச்சரோட பிள்ளையை நீங்களே கேக்க முடியாது. இது எல்லாப் பிள்ளையையும் கேக்கும்.”

சௌமியா அந்தச் சீட்டை மூடியிலிருந்து கிழித்தெடுத்தாள்.

*

அந்த நாட்களில் பொற்கொடியின் வீட்டில் பேச்சு குறைந்துபோயிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. ஹரீஷ்குமார் குழந்தையிடம் பேசுவதை விட்டிருந்தான்.

அவன் பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவன். பொற்கொடியின் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து ஓசூரிலேயே தங்கிவிட்டவர். ஒரே கம்பெனியில் அவன் குவாலிட்டி பிரிவிலும் அவள் கம்ப்யூட்டர் பிரிவிலும் இருந்தபோது பழகி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பொற்கொடியோடு அவன் தமிழில்தான் பேசுவான். நன்றாகவே பேசுவான்.

மிஷின் ஆன் ஆன புதிதில் அவன் குழந்தையிடம் ஓயாமல் தெலுங்கில் பேசினான். ஜன்னலில் காக்கா உட்கார்ந்தால் “சூடு, சூடு” என்று காட்டுவான். தெலுங்கில் பார் என்று அர்த்தம். அடுப்படியில் பொற்கொடி பால் பாத்திரத்தைக் காட்டி “சூடு, தொடாதே” என்பாள். ஒருநாள் மாடியில் அவன் நிலாவைக் காட்டி “சூடு” என்றதும், யுவஸ்ரீ வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இருவரும் முதலில் சிரித்துவிட்டார்கள். பிறகு பொற்கொடிக்குப் பயம் வந்துவிட்டது.

சௌமியாவிடம் கேட்டபோது, ஆரம்பத்தில் உங்களுக்கு நன்றாக வருகிற ஒரு மொழியில் நிறையப் பேசுங்கள் என்றாள். குழந்தையோடு அதிக நேரம் இருப்பது பொற்கொடி. அதனால் தமிழ் என்று முடிவாயிற்று. ஹரீஷ் மறுக்கவில்லை. ஆனால் அவனிடம் இருந்தது ஷிஃப்ட்டில் பேசுகிற தமிழ், கடையில் பேசுகிற தமிழ். கொஞ்சுகிற தமிழ் அவனுக்கு வரவில்லை. “பாப்பா, இங்கே பார். இது பந்து,” என்று பாடப்புத்தகம் படிப்பதுபோல் சொல்வான். குழந்தை வேறு பக்கம் பார்க்கும். நாளாக நாளாக அவன் அவளைத் தூக்கிக்கொண்டு சும்மா நடக்க மட்டும் செய்தான்.

யுவஸ்ரீயும் பெரிதாகப் பேசவில்லை. அம்மா, பால், போ. இன்னும் இரண்டு மூன்று. அதே மாதத்தில் மிஷின் வைத்த லோகித், படியேறும்போதே “அம்மா, பஸ் போச்சு!” என்று கத்திக்கொண்டு வருவான். லோகித்தின் அம்மா ஜோதிமணி ரோஜா பேக்கிங்கில் வேலை பார்க்கிறவள். பையனைவிட அவள் சத்தமாகப் பேசுவாள். பொற்கொடிக்கு அவளைப் பிடிக்கும். ஆனாலும் லோகித் பேசும்போதெல்லாம் அவளை அறியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

*

சிறிய பெட்டி வந்தது. சௌமியாவின் வீடு மத்திகிரியில். அங்கே அலமாரிக்குள் அதை வைப்பதென்று முடிவாயிற்று. மையத்துப் பெட்டியில் பொற்கொடி புதுக் கணக்கைத் திறந்தாள். பெயர் கேட்டபோது ‘காப்பு’ என்று தட்டினாள்.

“வளையலா?” என்றாள் சௌமியா.

“எப்படி வேணா வெச்சுக்கங்க மிஸ்.”

ஒரு சனிக்கிழமை காலை கடைசிச் சோதனை. புதுக் கணக்கால் எல்லா ஃபோல்டரையும் உண்மையிலேயே படிக்க முடிகிறதா, எதையாவது எழுத முயன்றால் பெட்டி மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். சௌமியா அடுத்த அறையில் ஒரு குழந்தைக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். சுவர் வழியாக மேளச் சத்தம் வந்தது. பொற்கொடி காப்பாக உள்ளே போய் ஒரு கோப்பை அழிக்கச் சொன்னாள். அனுமதி இல்லை என்றது பெட்டி. புதிதாக ஒன்றை எழுதச் சொன்னாள். அதற்கும் அனுமதி இல்லை. பிறகு படிக்கச் சொன்னாள். ஃபோல்டர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின.

லோகித்.

அவன் பதிவுகள் மாத வாரியாக வரிசையாக நின்றன. யுவஸ்ரீ பெரிதாகப் பேசாத இதே மாதங்களில் அவன் எப்படிப் பேசினான்? என்ன செய்தாள் ஜோதிமணி? எங்கள் வீட்டில் நாங்கள் செய்யாதது எதை? ஒரு பதிவைக் கேட்டால் போதும். அவள் பையில் இயர்போன் இருந்தது. படித்ததற்குப் பெட்டியில் எந்தத் தடயமும் இருக்காது. படிக்க மட்டும்தானே, எதையும் தொடப்போவதில்லையே என்று மனம் சொன்னது.

அவள் விரல்கள் அந்தக் கோப்பின் பெயரைப் பாதி தட்டிவிட்டன. அடுத்த அறையில் மேளம் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் குழந்தை எதற்கோ சரியாகத் திரும்பியிருக்க வேண்டும். பொற்கொடி கையை மடியில் வைத்துக்கொண்டாள். தன் பிள்ளையின் குரலை வேறொரு அம்மா இப்படி உட்கார்ந்து அளந்து பார்த்தால் தனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தாள். தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

வகுப்பு முடிந்து சௌமியா வந்ததும், “மிஸ், ரூட் பாஸ்வேர்டை நீங்களே மாத்திருங்க. எனக்குச் சொல்லாதீங்க,” என்றாள்.

“ஏன்? நீங்கதானே பாத்துக்கப்போறீங்க?”

“காப்புக் கணக்குல இனிமே யாரும் உக்காந்து தட்ட முடியாது, என்னையும் சேத்துத்தான். மத்திகிரிப் பெட்டிக்கு மட்டும்தான் கதவைத் திறக்கும். திறந்தாலும் நகல் எடுக்கிறதைத் தவிர வேற எதுக்கும் அசையாது. நகல் போய்ச் சேருற டிஸ்க்குக்கும் ஒரு பூட்டு போட்டிருக்கேன். அதுக்கும் நீங்களே ஒரு பாஸ்வேர்டு வைங்க. நான் உள்ள வரணும்னா நீங்க பக்கத்துல இருக்கணும்.”

சௌமியா அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு புரிந்திருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் தட்டுகிற நேரத்தில் பொற்கொடி ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே டைல்ஸ் இறக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

ராகி அறுப்புச் சமயத்தில் அந்த போன் வந்தது. பொற்கொடி கம்பெனி கேன்டீனில் இருந்தாள்.

“யுவஸ்ரீ அம்மா, எல்லாம் போச்சு,” என்றாள் சௌமியா. குரல் உடைந்திருந்தது. பெற்றோர் வருகிற நேரத்தைப் பதிவு செய்ய ஒரு புது மென்பொருள் வாங்கியிருந்தார்கள். அதைப் பொருத்த வந்த ஆள் ரூட் பாஸ்வேர்டு கேட்டார், கொடுத்தாள். பழைய குப்பையைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏதோ தட்டினார். பதிவுகள் இருந்த இடமே காலி. கூடவே மாட்டியிருந்த ஹார்டு டிஸ்க்கும் காலி. “அவரு தலையில கை வெச்சிட்டு உக்காந்திருக்காரு. எனக்குத் திட்டக்கூட வாய் வரலை.”

“எப்ப நடந்துச்சு மிஸ்?”

“காலையில வந்ததும்.”

பொற்கொடி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். மத்திகிரிப் பெட்டி தினமும் காலை பத்து மணிக்கு வந்து நகல் எடுக்கும். காலியாக இருப்பதைப் பார்த்தால் காலியாகத்தான் எடுக்கும். ஒவ்வொரு நாள் நகலும் தனித்தனியாக நிற்கும்படிதான் அமைத்திருந்தாள். அமைத்தது நினைவிருக்கிறது. ஆனால் சரியாக அமைத்தாளா? பர்மிஷன் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் போகிற வழியெல்லாம் அதையே மனசுக்குள் வரிவரியாக ஓட்டிப் பார்த்தாள்.

சௌமியா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். இருவரும் அலமாரியைத் திறந்தார்கள். சௌமியா பூட்டைத் திறக்க, பொற்கொடி பார்த்தாள். இன்றைய நகல் காலி. சௌமியா அதைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“இருங்க மிஸ்,” என்று பொற்கொடி நேற்றைய நகலைத் திறந்தாள்.

எல்லாப் பெயர்களும் இருந்தன. அதற்கு முந்தைய நாளிலும் இருந்தன. சௌமியா கட்டிலில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பொற்கொடியும் அழுதாள். பிறகு சௌமியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி, இங்கருந்தே திருப்பி அனுப்பிருங்க,” என்றாள்.

“முடியாது. காப்புக்கு எடுக்கத்தான் தெரியும், திருப்பி வைக்கத் தெரியாது.”

“இதென்ன கூத்து! எடுக்கத் தெரிஞ்சதுக்கு வைக்கத் தெரியாதா?”

“தெரிஞ்சிருந்தா, காலையில அந்த ஆளு தட்டினப்ப அந்தப் பக்கத்துலருந்து இதையும் சேத்து அழிக்க ஒரு வழி இருந்திருக்கும். கையில எடுத்துட்டுப் போவோம் மிஸ். கொஞ்ச தூரந்தானே.”

சௌமியா பின்னால் உட்கார்ந்து, டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வேகத்தடை வரும்போதெல்லாம் “மெதுவா, மெதுவா” என்றாள்.

*

எல்லாம் திரும்ப ஏறியது. ஒவ்வொரு கோப்பும் பழுதில்லாமல் வந்திருக்கிறது என்று பொற்கொடி கணக்குப் பார்த்துச் சொல்லியும் சௌமியாவுக்கு மனம் ஆறவில்லை. காதால் கேட்டால்தான் நம்புவேன் என்றாள். எல்லாப் பதிவுகளையும் கேட்க அவளால் ஆகாது. பொற்கொடி கேட்கவும் கூடாது. அழிந்துபோன சேதி அதற்குள் பெற்றோர்களின் வாட்ஸப்பில் பரவி, ஆளாளுக்குப் பதறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச்சொல்வது என்று முடிவு செய்தார்கள். அவரவர் பிள்ளையின் பதிவை அவரவர் கேட்டுச் சரிபார்க்கட்டும்.

வந்தார்கள். பாதிப் பேர் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தார்கள். சானமாவுப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு குடும்பம், யானை ரோட்டைக் கடக்கிறதென்று வண்டிகளை நிறுத்தியதால் தாமதமாக வந்து சேர்ந்தது. சின்ன அறையில் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன். சௌமியா அந்தந்தக் குழந்தையின் முதல் மாதத்துப் பதிவைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாள். பொற்கொடி கதவுக்கு வெளியே உட்கார்ந்து, கேட்டு முடித்தவர்களின் பிள்ளை பெயரைக் குறித்துக்கொண்டாள்.

ஜூஜுவாடியில் லாரி ஓட்டுகிற சின்னராஜ் உள்ளே போய்ச் சற்று நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு தலையை நீட்டினார். “மிஸ், இதுல பின்னாடி ஒரு ஹாரன் கேக்குது பாருங்க, அது நம்ம வண்டி! அன்னைக்குக் கீழ நிறுத்திட்டு, பாப்பாவுக்குக் கேக்குதான்னு நான்தான் அடிச்சேன்.” சொல்லிவிட்டு மறுபடி கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. “நல்லா இருக்குங்க. எல்லாம் இருக்குங்க,” என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஜோதிமணி தன் முறை வந்ததும் உள்ளே போனாள். அவள் சத்தமே வரவில்லை. பிறகு கதவு திறந்தது.

“அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க.”

“என்னாச்சு? ஓடலையா?”

“ஓடுது. நீங்க வாங்க.”

“நான் கேக்கக்கூடாது ஜோதி.”

“என் பையன்தானே? நான் சொல்றேன், கேளுங்க.” அவள் பொற்கொடியின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, ஹெட்போனைத் தானே அவள் காதில் மாட்டினாள்.

சௌமியாவின் குரல் கேட்டது. “லோகித்! லோகித்!” அமைதி. மணி ஆட்டுகிற சத்தம். அமைதி. ஜோதிமணியின் குரல், இப்போது இருக்கிற சத்தம் இல்லாமல், பயந்துபோய்: “சாமி, இங்க பாருப்பா.” அமைதி. ஜோதிமணி கையை நீட்டி வேறொரு மாதத்துப் பதிவைத் தொட்டாள். அதிலும் சௌமியா கூப்பிடுகிறாள், மணி அடிக்கிறது, பையன் வாய் திறக்கவில்லை. இன்னொரு மாதம். ஏதோ ஒரு முனகல், அதற்கே எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

“இப்ப வாய் ஓயாமப் பேசுறான்ல, எனக்கே இதெல்லாம் மறந்துபோச்சுக்கா,” என்றாள் ஜோதிமணி. “மிஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு இந்தப் படியில உக்காந்து அழுதிருக்கேன். திடீர்னு ஒருநாள் ‘பஸ்’னான். அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. உங்க பாப்பா ஏற்கெனவே பால்னு கேக்குதே.”

பொற்கொடி ஹெட்போனைக் கழற்றினாள். எத்தனையோ மாதமாக அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை ஜோதிமணி கவனித்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். ஜோதிமணி அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள், குழந்தையைத் தூங்கவைப்பதுபோல்.

*

கடைசியாக வந்தவன் ஹரீஷ்குமார். ஞாயிறு ஓவர்டைம் முடித்து, யுவஸ்ரீயைப் பாகலூரில் அவன் தங்கை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தான். “நீயே கேட்டுக்கலாமே,” என்றான்.

“எல்லாரும் கேட்டாங்க. நம்ம பிள்ளைக்கு நீங்க கேளுங்க.”

அவன் உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினான். பொற்கொடி வாசலில் நின்றபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் தலையைச் சாய்த்துக் கேட்டான். புருவம் சுருங்கியது. பிறகு சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

“யாரு இது? நானா?”

“என்ன கேக்குது?”

அவன் ஒயரைப் பிடுங்கினான். சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. மிஷின் ஆன் ஆன வாரம். ஹரீஷின் குரல், அவளுக்கே மறந்துபோன ஒரு குரல், குழைந்து, ஏறி இறங்கி: “பங்காரு! நா பங்காரு, இட்ட சூடு! ஏமி தல்லி, நாயன பிலுஸ்தாடு, இட்ட சூடு!” தங்கமே, இந்தப் பக்கம் பார், என்னம்மா, அப்பா கூப்பிடுகிறேன் பார். மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகிறான். நடுவில் எங்கோ, மிகச் சின்னதாக, “ஊ” என்று ஒரு சத்தம்.

“அது இவளா?” என்றாள் பொற்கொடி.

பின்னாலிருந்து சௌமியா சொன்னாள். “அவதான். முதல் தடவையா அவ குரல் குடுத்தது அன்னைக்குத்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

மடியில் இருந்த குழந்தை ஸ்பீக்கரையும் அவன் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாய் மூடியிருக்க அவன் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் விரலால் அவன் உதட்டைப் பிரித்துப் பார்த்தாள்.

பொற்கொடி அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். “ஏங்க, பேசுங்க.”

“என்ன பேச?”

“உங்களுக்கு வர்றதைப் பேசுங்க. அன்னைக்கு நிலாவுக்கு அழுதாள்னு நான் பயந்துட்டேன். உங்க வாயையே கட்டிப்போட்டுட்டேன்.”

“நீ என்ன பண்ணுவ? அவளுக்கு நல்லதுன்னுதானே…” அவன் சௌமியாவைப் பார்த்தான். “மிஸ், ரெண்டு மொழி குழம்பாதா?”

“ஆரம்பத்துல ஒண்ணைப் பிடிச்சுக்கங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நானே உங்களைக் கூப்பிட்டு மாத்திச் சொல்லியிருக்கணும், விட்டுட்டேன்,” என்றாள் சௌமியா. “இந்த ஊர்ல எல்லாப் பிள்ளையும் மூணு மொழியிலதானே வளருது? இவளும் வளரட்டும். அப்பா சும்மா இருக்கிறதுதான் அவளுக்கு நஷ்டம்.”

யுவஸ்ரீ இன்னும் அவன் உதட்டைப் பிடித்திருந்தாள். அவன் அவள் விரலுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, மிகவும் மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு, “ஏமி பங்காரு?” என்றான்.

பொற்கொடி எழுந்துபோய்ப் பட்டியலில் மகளின் பெயரைக் குறித்தாள். கண் மறைத்ததில் இரண்டு தடவை குறித்துவிட்டாள்.

*

மையத்தைச் சாத்திவிட்டுக் கிளம்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பைக்கில் யுவஸ்ரீ முன்னால், டேங்க்மேல். பொற்கொடி பின்னால். காற்று அடித்தால் மிஷினில் இரைச்சல்தான் கேட்கும் என்பதால் ஹரீஷ் வண்டியில் போகும்போது பேசுவதில்லை. அன்றைக்கு அவனால் முடியவில்லை. ஊரைத் தாண்டியதும் ஒரு ராகிக் காட்டோரம் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தான்.

அறுத்துப் போட்ட ராகித் தட்டையில் ஒரு கன்றுக்குட்டி மேய்ந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி அவன் தெலுங்கில் ஒரு கதையை எடுத்துவிட்டான். அந்தக் கன்றுக்குட்டி ராத்திரியில் கயிற்றை அறுத்துக்கொண்டு அவன் தங்கை வீட்டு ரோஜாக் கொட்டகைக்குள் புகுந்து, செடியெல்லாம் தின்று, முள் குத்தித் தும்மித் தும்மி ஊரையே எழுப்பிவிட்டதாம். தும்மலை அவன் தும்மியே காட்டினான். யுவஸ்ரீ கழுத்தைத் திருப்பி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதை முடிந்தது. அவன் சாவியைத் திருகப் போனான்.

“இங்கா,” என்றாள் குழந்தை.

ஹரீஷ் சாவியை விட்டுவிட்டுப் பொற்கொடியைத் திரும்பிப் பார்த்தான்.

“கேட்டியா? இங்கான்னா எங்க பாஷையில இன்னும்னு அர்த்தம். இன்னும் சொல்லுங்கிறா!”

“இல்லைங்க, இங்கேன்னு சொல்றா. இங்கேயே நிறுத்துங்கிறா.”

“போ, உனக்கு எல்லாம் தமிழாத்தான் கேக்கும்.”

“உங்களுக்கு மட்டும்?”

யுவஸ்ரீ பொறுமையிழந்து டேங்கைக் கையால் தட்டினாள். “இங்கா!”

ஹரீஷ் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதையில் கன்றுக்குட்டியை மறுபடி கயிற்றில் கட்டினான், மறுபடி அவிழ்த்துவிட்டான். இந்தத் தடவை தும்மல் இன்னும் பெரிதாக வந்தது. ரோட்டில் போன டெம்போக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். பொற்கொடி வண்டியிலிருந்து இறங்கி, கதை நன்றாகக் கேட்கும்படி அவர்களுக்கு முன்னால் வந்து நின்றாள். பாதி புரிந்தது. ஒரு இடத்தில் மட்டும் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள்.